பெருங்குரல் தந்த பீட்டர் ஜென்சன்

கல்லூரிகளில் ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு என்றொரு சடங்கு நடைபெறும். பதிவேட்டில் உள்ள பொருள்கள் அறையில் உள்ளனவா, உள்ளவை பயன்படும் நிலையில் உள்ளனவா என்று ஒரு குழு பார்த்து எழுதும். 2004-ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய கல்லூரியில் அந்தக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். கலையரங்கின் பின்னறையில் தூசி படிந்து கிடந்த இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளுக்கு எதிரே, பயனற்றவை என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவை எடைக்குப் போயின. தேய்மானம் என்ற பாடத்தைப் பல்லாண்டுகள் மாணவர்களுக்கு நடத்தியவன் என்பதால், அன்று எனக்கு அதில் எவ்வித உறுத்தலும் ஏற்படவில்லை.

பணி ஓய்வுக்குப் பின் சொந்த ஊரான விளாத்திகுளத்துக்குத் திரும்பினேன். நான் இளமையில் வாங்கிய ஒலிபெருக்கிப் பெட்டிகளில் கூம்பைச் சுற்றியிருந்த நுரை விளிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து போயிருந்தது. புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் சொன்னார்கள். மனம் கேட்கவில்லை. கடைத்தெருவையொட்டிய சந்தொன்றில், மைக் செட்காரர்களின் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே கொண்டுபோனேன்.

அவரது பட்டறையில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்த அந்த மாமேதையின் இசையை நான் ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் கைப்பேசியிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்று கேட்டதைப்போல் கேட்டதில்லை. குறிப்பாகத் தவில் வேறாக இருந்தது. வலந்தலையின் ஓசையில் மட்டுமன்றி, தொப்பியின் கனத்த அடியிலும் தோல் அதிர்வது தெரிந்தது. ஒலி வந்த திசையில் பார்த்தேன். மரப்பலகையொன்றில் பொருத்தப்பட்ட பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அதன் இரும்புச் சட்டத்தின் பின்புறத்தில் வெள்ளைச் சாயத்தில் எழுதப்பட்ட எண் எங்கள் கல்லூரியின் இருப்புப் பதிவேட்டு எண். நான் சாவுச் சான்றிதழ் எழுதிக்கொடுத்த பொருள் என் முன்னால் உயிரோடு பாடிக்கொண்டிருந்தது.

அதை எப்படிப் பிழைக்க வைத்தீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன். அது சாகவே இல்லை சார் என்றார் அவர். இப்போதைய ஒலிபெருக்கிகளில் நிலைகாந்தம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய ஒலிபெருக்கிகள் பலவற்றில் அது கிடையாது. ஃபீல்டு காயில் எனப்படும் செம்புக் கம்பிச் சுருளில் நேர்மின்சாரம் பாய்ந்தால்தான் அவற்றின் இரும்பு காந்தமாகும். பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரே அந்த மின்சாரத்தையும் கொடுத்துவந்தது. யாரோ ஒருவர் ஆம்ப்ளிஃபையரை மட்டும் மாற்றி டிரான்சிஸ்டர் வகையைப் பொருத்தியிருக்கிறார். காந்தச் சுருளுக்குரிய இரண்டு கம்பிகளை இணைக்க இடமின்றி வெட்டிவிட்டிருக்கிறார். காந்தம் இல்லாத ஒலிபெருக்கி பேசுமா? அதன் ஊமைத்தனத்தைப் பழுது என்று நாங்கள் முடிவு கட்டினோம். அவர் அந்த இரண்டு கம்பிகளைக் கண்டார், புரிந்துகொண்டார். பழைய இரும்பு விலைக்கு வாங்கிச் சிறிய மின்வழங்கி ஒன்றைத் தாமே செய்து பொருத்தினார்.

அத்தோடு அவர் ஒரு கேள்வியும் கேட்டார். அந்த ஒலிபெருக்கியின் தகட்டில் ஜென்சன், சிகாகோ என்று பொறிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இந்தப் பெயரைப் பார்த்துவருவதாகவும், அது ஊர்ப் பெயரா ஆளின் பெயரா என்று இதுவரை தெரியவில்லை என்றும் சொன்னார். முனைவர் பட்டம் பெற்ற எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படித்தேன். அவருக்கு நான் சொன்ன விடையை, அதாவது பீட்டர் ஜென்சன் என்ற மனிதரின் வாழ்க்கையை, இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

டென்மார்க் நாட்டின் ஃபால்ஸ்டர் தீவில் 1886-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் ஜென்சன் பிறந்தார். கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமி ஒருவரின் மகன். பல்கலைக்கழகப் பட்டம் எதையும் அவர் பெறவில்லை. பதின்ம வயதிலேயே வால்டெமர் பௌல்சென் என்ற அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பௌல்சென் சாதாரணர் அல்லர். ஒலியை எஃகுக் கம்பியில் காந்தப் பதிவாக்கும் கருவியை 1898-இலேயே உருவாக்கியவர். பிற்காலத்து ஒலிநாடாக்களுக்கெல்லாம் மூதாதை அது. கம்பியில்லாத் தந்தியில் குறிகளை மட்டுமன்றி மனிதக் குரலையும் அனுப்ப முடியுமா என்ற சோதனைகள் அவர் கூடத்தில் நடந்துவந்தன. ஜென்சன் கற்றது அந்தப் பட்டறையில்தான். கம்பி சுற்றியும், இணைத்தும், பிழைபட்டதைப் பிரித்து மீண்டும் கோத்தும் கற்றார். நம் ஊர்ப் பழுது பார்ப்பவர்கள் கற்கும் முறையும் அதுவே.

பௌல்செனின் கருவியை அமெரிக்காவில் நிறுவுவதற்காக 1909-இல் ஜென்சன் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பாலோ ஆல்டோ நகரில் எட்வின் பிரிதம் என்ற பொறியாளரின் நட்பு கிடைத்தது. பிரிதம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஒருவரிடம் ஏட்டுக்கல்வி, மற்றவரிடம் கைப்பழக்கம். இருவரும் சேர்ந்து 1911-இல் நாபா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்து ஒரு சிறு வீட்டையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டனர். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அமைதியான ஊர் அது.

அவர்கள் முதலில் செய்ய முனைந்தது ஒலிபெருக்கி அன்று. தொலைபேசியில் காதருகே வைத்துக் கேட்கும் கருவியைத் தெளிவாகப் பேசவைக்கவே முயன்றனர். அக்காலக் கேட்புக் கருவிகளில் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றைக் காந்தம் இழுத்து விடும். தகட்டின் விறைப்பு காரணமாகக் குரல் கரகரத்தது. ஜென்சனும் பிரிதமும் இதைத் தலைகீழாக்கினர். வலுவான காந்தப் புலத்தின் இடுக்கில் ஒரு சிறு கம்பிச் சுருளை மிதக்கவிட்டு, பேச்சின் மின்னோட்டத்தை அதில் செலுத்தினர். சுருள் முன்னும் பின்னும் அசைந்தது. அதோடு இணைந்த மென்தகடு காற்றை அசைத்தது. இன்று கைப்பேசி முதல் திரையரங்கு வரை ஒலிக்கும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் அடிப்படை இதுவே.

இந்தக் கருத்துக்கு அவர்களே முதல் உரிமையாளர்கள் என்று சொல்ல முடியாது. ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் 1874-இலும், இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் 1898-இலும் இதையொத்த அமைப்புகளுக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். ஆனால், காப்புரிமைப் பத்திரத்தில் உறங்கிய கருத்தை ஊர் கேட்கும் குரலாக்கியவர்கள் நாபாவின் இந்த இருவர். பொருளாதாரத்தில் கண்டுபிடிப்பு வேறு, அதனை நடைமுறைக்குக் கொணர்தல் வேறு என்று நாங்கள் பிரித்துச் சொல்வோம். இரண்டாவது வேலை முதலாவதைவிடக் கடினமானது.

நேர்த்தியாகப் பேசிய அந்தக் கருவியைத் தொலைபேசித் துறையினர் ஏற்கவில்லை. கையில் எடுத்துப் பேசுவதற்கு அது பருமனாக இருந்தது. மனம் தளர்ந்திருந்த வேளையில் உறவினர் ஒருவர் வேறு யோசனை சொன்னார். பேஸ்பால் ஆட்டக் களத்தில் அறிவிப்பாளரின் குரல் யாருக்கும் கேட்பதில்லை. இதை ஏன் உரக்கப் பேச வைக்கக்கூடாது என்பதே அது. இருவரும் இசைத்தட்டுப் பெட்டியின் வளைந்த புனல் ஒன்றை அதன் வாயில் பொருத்தினர். மின்கலத்தை இணைத்து ஒலிவாங்கியைத் தொட்டவுடன் அறையே அதிரும்படி ஓர் ஊளை கிளம்பியது. இன்றும் நம் ஊர் மேடைகளில் ஒலிவாங்கியைப் பெட்டிக்கு நேரே பிடித்தால் கிளம்பும் அதே கூச்சல்தான். தன் குரலைத் தானே கேட்டுப் பெருக்கிக்கொள்வதால் எழுவது. அந்த ஊளையைக் கேட்டு அவர்கள் அஞ்சவில்லை, மகிழ்ந்தனர். கருவியைக் கூரைமேல் ஏற்றி வைத்துப் பேசினர். ஒரு மைல் தொலைவில் நின்றவருக்கும் பேச்சு கேட்டது. 1915-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இது.

இங்கே ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். நாபாவின் அந்தக் கருவியிலும் நிலைகாந்தம் இல்லை. மின்கலத்திலிருந்து தனியே மின்சாரம் கொடுத்தால்தான் அதன் இரும்பு காந்தமானது. எங்கள் கல்லூரியில் ஊமையாகக் கிடந்த ஒலிபெருக்கி அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் ஜென்சன் அன்று கொடுத்த அந்த இரண்டாவது மின்னிணைப்புதான்.

அதே ஆண்டு கிறிஸ்துமஸ் முந்தின இரவில் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்துக்கு இவர்களது கருவி பேச்சையும் பாட்டையும் கொண்டுசேர்த்தது. சில நாள்கள் கழித்து, புதிய பேரரங்கு ஒன்றில் நடந்த விழாவுக்கு ஆளுநர் ஹிராம் ஜான்சன் உடல்நலக் குறைவால் வர இயலாமல் போனது. அவர் தம் வீட்டில் அமர்ந்தபடியே பேச, தொலைபேசிக் கம்பி வழியாக வந்த அவரது குரலை அரங்கில் இருந்தோர் அனைவரும் கேட்டனர். பேசுபவர் ஓரிடத்திலும் கூட்டம் வேறிடத்திலும் இருக்கும் நிகழ்ச்சிகள் இன்று நமக்குப் பழகிவிட்டன. அன்று அது வியப்பிலும் வியப்பு.

1917-இல் இவர்களது முயற்சி ஒரு நிறுவனமாயிற்று. பெருங்குரல் என்று பொருள்படும் இலத்தீன் சொற்களைக் கொண்டு அதற்கு மேக்னவாக்ஸ் என்று பெயரிட்டனர். முதல் உலகப் போரில் விமானங்களிலும் போர்க்கப்பல்களிலும் இரைச்சலுக்கிடையே பேச்சு மட்டும் கேட்கும்படியான ஒலிவாங்கிகளை அந்நிறுவனம் செய்து கொடுத்தது.

ஜென்சனின் வாழ்வில் உச்சமான நாள் 1919-ஆம் ஆண்டு செப்டம்பர் 19. பன்னாட்டுச் சங்கத்துக்கு மக்கள் ஆதரவைத் திரட்ட நாடு முழுவதும் சுற்றிவந்த குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், சான் டியாகோ நகரின் திறந்தவெளி அரங்கில் பேசினார். ஏறத்தாழ 50,000 பேர் கூடியிருந்தனர். வில்சனின் உடல்நிலை நலிந்திருந்தது. உரக்கப் பேசும் ஆற்றல் அவரிடம் இல்லை. கண்ணாடியால் அமைந்த சிறு கூண்டுக்குள் நின்று இயல்பான குரலில் அவர் பேச, மேலே பொருத்தப்பட்ட புனல்கள் அதை அரங்கெங்கும் பரப்பின. அடுத்த சில நாள்களில் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே அவர் நோயுற்று வீழ்ந்தார். அக்டோபர் தொடக்கத்தில் பக்கவாதம் தாக்கியது. நோயாளியான ஒருவர் ஐம்பதாயிரம் பேரிடம் பேச முடிந்தது அக்கருவியால்தான்.

அதே 1919-இல், விளாத்திகுளத்துக்கு அண்டை ஊரான எட்டயபுரத்தில் பிறந்த மகாகவி பாரதி, கடையத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பேசியபோதும் பாடியபோதும் அவருக்குத் துணையிருந்தது தொண்டை ஒன்றே. அலையோசையைத் தாண்டி எத்தனை பேரின் காதுக்கு அந்தக் குரல் சென்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒலிபெருக்கிக்கு முந்திய காலத்தில் அரசியல் என்பது உரத்த குரல் வாய்த்தோரின் தனியுரிமையாக இருந்தது. மெலிந்த குரலுக்கும் மேடையில் இடமுண்டு என்று ஆக்கியது ஜென்சனின் பணி.

ஆனால், வழி திறந்தவரே அதில் முன்னால் நடப்பார் என்பதற்கில்லை. பெருநிறுவனங்கள் களத்தில் இறங்கின. 1921-இல் வாரன் ஹார்டிங் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது அவரது உரையை ஒலிபெருக்கியது, பெருந்தொலைபேசி நிறுவனத்தைச் சார்ந்த பொறியாளர்களின் அமைப்பு. 1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் புனலே தேவையில்லை என்று காட்டினர். அசையும் சுருளோடு ஒரு காகிதக் கூம்பை நேரே ஒட்டி, அதனைப் பலகையில் பொருத்தினால், கூம்பே காற்றை அசைத்துப் பேசும். பலகை எதற்கு? கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று அழித்துவிடாதபடி தடுப்பதற்கு. நம் பெட்டி ஒலிபெருக்கிகளின் தத்துவம் அங்கே பிறந்தது.

அதே 1925-இல் ஜென்சன் தாம் நிறுவிய மேக்னவாக்ஸை விட்டு விலகினார். வயது 39. பிறர் காட்டிய கூம்பு வழியை அவர் மறுக்கவில்லை, கற்றுக்கொண்டார். 1927-இல் தம் பெயரிலேயே புதிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, பின்னர் சிகாகோவுக்குக் கொண்டுசென்றார். வானொலிப் பெட்டிகளுக்கும் பேசும்படக் கொட்டகைகளுக்கும் அங்கிருந்து கூம்பு ஒலிபெருக்கிகள் சென்றன. பிற்காலத்தில் மின்கிதார் வாசித்த கலைஞர்களின் பெட்டிகளிலும் ஜென்சன் பெயர் தாங்கிய ஒலிபெருக்கிகளே பெரிதும் இடம்பெற்றன.

பெரிய கூம்புகளின் தேவை எங்கிருந்து வந்தது? கனத்த ஒலிக்கு நிறையக் காற்றை மெதுவாக அசைக்க வேண்டும். கீச்சொலிக்குக் கொஞ்சம் காற்றை மிக விரைவாக அசைக்க வேண்டும். ஒரே கூம்பு இரண்டையும் செவ்வனே செய்யாது. எனவே வேலையைப் பிரித்தனர். கனத்த ஒலிக்குரியதை நாய்க் குரைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் வூஃபர் என்றும், கீச்சொலிக்குரியதைப் பறவையின் ஒலியால் ட்வீட்டர் என்றும் அழைத்தனர். தவிலின் தொப்பி எனக்கு அன்று கேட்டதற்குக் காரணம் பன்னிரண்டு அங்குலக் கூம்பு.

இந்தக் கருவி இந்தியாவின் பொதுவாழ்வில் வேரூன்றியதில் மோட்வானே குடும்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சிகாகோ ரேடியோ என்ற பெயரில் ஒலிபெருக்கிகளை நடத்திவந்த நானிக் மோட்வானே, காந்தியடிகளின் கூட்டங்களுக்கும் காங்கிரஸ் மாநாடுகளுக்கும் ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தவர். 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது இரகசியமாக இயங்கிய காங்கிரஸ் வானொலி வழக்கில் உஷா மேத்தா முதலியோருடன் குற்றம் சாட்டப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். காந்தியடிகளின் குரலும் உரத்த குரல் அன்று என்பதை எண்ணினால், சுதந்திரப் போராட்டத்தில் ஒலிபெருக்கியின் பங்கு விளங்கும்.

எங்கள் கரிசல் ஊர்களுக்கு அது ரேடியோ செட் என்ற பெயரில் வந்தது. வேம்பின் உச்சியில் கட்டிய குழாய் ஒலித்தால் அந்த ஊரில் கல்யாணம் அல்லது கொடை என்று பொருள். மிளகாய்ச் செடிக்குக் களை பறிப்பவர்களும் பருத்தி எடுப்பவர்களும் அடுத்த ஊர்க் குழாயில் வரும் பாட்டைக் கேட்டபடியே வேலை செய்தனர். இராக ஆலாபனைக்குப் பெயர்பெற்ற விளாத்திகுளம் சுவாமிகள் வாழ்ந்த மண்ணில், இசையைப் பணம் கொடுத்துக் கேட்க முடியாத ஏழைக்கும் அதைக் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் குழாய். நாபாவின் கூரைமேல் ஏற்றிய புனலின் நேர் வாரிசு அது. வூஃபர் பெட்டிகள் பின்னர் வந்தன.

ஜென்சனின் படைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் உரத்த குரலைவிடப் பிரித்து மாட்டக்கூடிய அதன் எளிமை. பட்டறையில் அமர்ந்து பார்த்தேன். ஒரு வூஃபரில் காந்தம், இரும்புச் சட்டம், காகிதக் கூம்பு, அதன் விளிம்பு, கூம்பை நடுவில் தாங்கும் ஸ்பைடர் என்ற மடிப்புத் துணி, வாய்ஸ் காயில், நடுவே தூசி மூடி ஆகியவை தவிர அதிகம் எதுவுமில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே கெடும்; தனித்தனியே மாற்றலாம். நுரை விளிம்பு ஈரத்தாலும் வெயிலாலும் சில பத்தாண்டுகளில் மக்கிவிடும். அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்தால் காயில் கருகும். கரிசலின் நுண்தூசியும் இரும்புத் துகளும் காந்த இடுக்கில் புகுந்தால் காயில் உரசிக் கரகரக்கும்.

அண்ணாச்சி முதலில் மீட்டரை எடுப்பதில்லை. இரு கைவிரல்களால் கூம்பை மெல்ல அழுத்திக் காதை வைத்துக் கேட்கிறார். உரசல் இருந்தால் விரலுக்கே தெரிந்துவிடுமாம். பிறகு ஒன்றரை வோல்ட் மின்கலத்தைத் தொடுகிறார். கூம்பு முன்னே வந்தால் கம்பியின் நேர்முனை இன்னது என்று குறித்துக்கொள்கிறார். எட்டு ஓம் என்று எழுதிய ஒலிபெருக்கி மீட்டரில் ஆறு ஓம் அளவில் காட்டினால் அது நலமாக இருக்கிறது என்று பொருள். கருகிய காயிலைப் பிரித்து, அதே தடிமனுள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றெண்ணிக்கை மாறாமல் சுற்றுகிறார். காந்த இடுக்கின் துருவையும் தூசியையும் ஒட்டும் நாடாவைக் கொண்டு ஒற்றி எடுக்கிறார். பின்னர் பழைய எக்ஸ்ரே படச்சுருளை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே சுற்றிலும் செருகுகிறார். காயில் நட்ட நடுவில் நிற்கும். பசை காய ஓர் இரவு. மறுநாள் கீற்றுகளை உருவி, மூடியை ஒட்டினால் வேலை முடிந்தது. மயிரிழை பிசகினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் கல்லூரியின் ஜென்சனுக்கு இதற்கும் மேலான கவனம் தேவைப்பட்டதாம். கூம்பின் கிழிசலில் மெல்லிய காகிதத்தைப் பசையோடு வைத்து ஒட்டியிருக்கிறார். புதிய கூம்பு மாற்றியிருக்கலாமே என்றேன். பழைய காகிதத்தின் இழைதான் அதன் குரல். அதை மாற்றினால் வேறு ஆள் பாடுவதுபோல் ஆகிவிடும் என்று விளக்கினார். புதுப்பிப்பதற்கும் மீட்டெடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

ஜென்சனின் எஞ்சிய வாழ்க்கைக்கு வருகிறேன். தம் பெயர் தாங்கிய இரண்டாவது நிறுவனத்தையும் அவர் விட்டு வெளியேறினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசின் போர் உற்பத்தி வாரியத்துக்கு வானொலி, ராடார் துறைகளில் ஆலோசனை வழங்கினார். 1943-இல், 57-ஆம் வயதில், மூன்றாவது முறையாகத் தொடங்கினார். இம்முறை செய்தது இசைத்தட்டில் உரசும் ஊசி. ஒலிக்கருவிகளிலேயே மிகப் பெரிதில் தொடங்கி மிகச் சிறிதில் வந்து நின்றார். 1956-இல் டென்மார்க் மன்னர் அவருக்கு வீரத்தகை விருது வழங்கிச் சிறப்பித்தார். 1961-இல் சிகாகோவுக்கு அருகே, 75-ஆம் வயதில் காலமானார். அவர் எழுதிவைத்த தன்வரலாறு அவர் மறைவுக்குப் பிறகே, 1975-இல் நூலாக வெளிவந்தது. உலகுக்குக் குரல் கொடுத்தவரின் சொந்தக் குரல் அத்தனை தாமதமாக வெளிவந்தது.

அவரை முற்றிலும் புகழ்ந்து முடிக்க என்னால் இயலாது. அவர் தந்த குரல் பேச முடியாதவருக்கு மட்டும் பயன்படவில்லை. பிறரைப் பேச விடாதவருக்கும் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் சர்வாதிகாரிகள் அனைவருக்கும் ஒலிபெருக்கி தேவைப்பட்டது. நம் ஊர்களிலும் நோயாளி, பச்சிளங்குழந்தை, தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஆகியோரின் நெஞ்சு அதிரும்படி வூஃபர்களை அடுக்கி வைக்கும் வழக்கம் பரவிவிட்டது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விதி ஏட்டில் இருக்கிறது. பங்குனி முதல் வைகாசி வரையான கொடைக் காலத்தில்தான் அண்ணாச்சியிடம் கருகிய காயில்கள் அதிகம் வருகின்றன. அவருக்கு அது வருமானம். எனினும் கொண்டுவரும் இளைஞர்களைக் கடிந்துகொள்ளாமல் அவர் அனுப்புவதில்லை. கூம்பு கிழியும் அளவுக்கு வைத்தால் காதும் கிழியும் என்பது அவர் கட்சி.

இனி என் துறைக்கு வருகிறேன். அந்த ஒலிபெருக்கி இரும்பு விலைக்கு விற்கப்பட்டபோது எங்கள் கணக்கில் ஒரு சிறு வரவு ஏறியது. அதற்குப் பதிலாகப் புதிய பெட்டிகள் வாங்கியபோது நாட்டின் உற்பத்திக் கணக்கில் ஒரு தொகை கூடியது. சந்துக்குள் ஒருவர் ஓர் இரவு விழித்து அதை மீட்டெடுத்த வேலை எந்தக் கணக்கிலும் குறிப்பிடத்தக்க எண்ணாக வரவில்லை. எறிவது வளர்ச்சியாகவும் காப்பது தேக்கமாகவும் தெரியும் கண்ணாடி ஒன்றை நாங்கள் அணிந்திருக்கிறோம். அந்தக் கண்ணாடியை மாணவர்களுக்கும் அணிவித்தவன் நான்.

உலகம் இதை மெல்ல உணரத் தொடங்கியிருக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்கான சட்டநெறியை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் துறை இதற்கென 2022-இல் ஒரு குழுவை அமைத்தது. ஆனால், உரிமை இருந்து கை இல்லாவிட்டால் என்ன பயன்? அண்ணாச்சியின் மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். பட்டறையில் தொழில் பழக யாருமில்லை. இப்போதைய பெட்டிகள் பலவும் பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டே வருகின்றன.

செய்யக்கூடியவை எளியவைதாம். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் இத்தகைய கைவினைஞர்களை அழைத்து, பட்டம் கேட்காமல், மாணவர்களுக்குக் கற்பிக்கச் செய்யலாம். கல்வி நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் ஒரு பொருளைப் பயனற்றது என்று எழுதுமுன், அந்தப் பொருளைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரின் கருத்தைக் கேட்பது கட்டாயமாக்கப்படலாம். 2004-இல் எங்கள் குழுவில் பேராசிரியர்கள் இருந்தோம், அலுவலர் இருந்தார். அந்த இரண்டு கம்பிகள் எதற்கு என்று கேட்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

ஜென்சனின் கதையைச் சொல்லி முடித்தபோது அண்ணாச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அந்த ஆள் படிக்காதவரா என்று மட்டும் கேட்டார். பட்டறையில் படித்தவர் என்றேன். அந்த விடை அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஒலிபெருக்கியைக் கல்லூரிக்கே விலைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். மறுத்துவிட்டார். திரும்பவும் யாராவது ஆம்ப்ளிஃபையரை மாற்றுவார்கள், திரும்பவும் ஒருவர் கையெழுத்துப் போடுவார் என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இரண்டாவது ஒலிபெருக்கி என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். அதை வேறொருவர் எடுத்துவிட்டதாகவும், காந்தச் சுருளின் செம்புக்காக அது உடைக்கப்பட்டுவிட்டதாகவும் சொன்னார்.

என் பெட்டிகள் இரண்டும் புதிய விளிம்போடு வீட்டுக்கு வந்துவிட்டன, நன்றாகவே பாடுகின்றன. ஆயினும், அந்தப் பதிவேட்டில் என் கையெழுத்துக்கு மேலே இருக்கும் சொல்லைத் திருத்த இனி வழியில்லை. அதற்கு ஈடாக, வாரத்தில் இரண்டு மாலைகள் எங்கள் தெரு மாணவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குச் செல்கிறேன். அவர்கள் எக்ஸ்ரே படச்சுருளைக் கீற்றாக நறுக்கக் கற்றுவிட்டார்கள். காயிலை நட்ட நடுவில் நிறுத்த இன்னும் வரவில்லை. வரும்வரை கீற்றுகளை உருவிவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார் அண்ணாச்சி.